துடைப்பக்கட்டையில் ஒரு சிவப்பு ஒன்பது

மௌசர் சி-96 கைத்துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பட்டப்பெயர் 'துடைப்பக்கட்டை'. அதன் உருண்ட மரப்பிடிதான் காரணம். மொழிபெயர்க்கச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. நம் ஊரில் அந்தச் சொல்லே ஓர் ஆயுதம். 1896 முதல் ஜெர்மனியில் தயாரான இந்தத் துப்பாக்கியைத்தான் 1898ல் ஓம்துர்மான் போரில் வாளுக்குப் பதிலாகக் கையில் எடுத்தார் சர்ச்சில். இந்தியாவுக்கு வந்து பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது பிசகிய அவருடைய தோள் வாள் வீச இடம் கொடுக்கவில்லை.

இன்று சேகரிப்பாளர்களிடையே இதன் விலையை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் பிடியின் இருபுறமும் உள்ள மரத்துண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மரத்தில் இருக்கும் குறி தொழிற்சாலை இட்டதா, பின்னால் யாரோ இட்டதா என்பதில்தான் சச்சரவு.

மிகப் பிரபலமான குறி, சிவப்பு ஒன்பது. மௌசர் வழக்கமாகச் சுடுவது 7.63 மி.மீ. தோட்டா. முதல் உலகப் போரில் துப்பாக்கிப் பற்றாக்குறை ஏற்படவே, ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ற மௌசர்கள் ஒன்றரை லட்சத்துக்கு 1916ல் ஆர்டர் போயிற்று. பதற்றத்தில் சிப்பாய் தவறான தோட்டாவைத் திணித்துவிடக் கூடாதே என்று பிடியில் பெரிதாக '9' வெட்டிச் சிவப்புச் சாயம் பூசினார்கள். குழப்பத்தைத் தடுக்க வந்த எண், இன்று குழப்பத்துக்கே மூலகாரணம். உளியும் சாயமும் இருந்தால் எந்த மௌசரிலும் ஒன்பது முளைத்துவிடும். சுவடிப் பதிப்பில் இதை இடைச்செருகல் என்போம்.

இடைச்செருகலைப் பிடிக்கும் வழியும் பதிப்பாசிரியருடையதுதான்: ஓர் எழுத்தை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ளவற்றோடு ஒத்துப் பார்ப்பது. போர்க்கால ஒன்பதில் குறி பார்க்கும் தகடு 500 மீட்டர் வரைதான். சந்தைக்கு வந்த மாடல்களில் 1,000 வரை இருக்கும். தோட்டா அறையின் முன்பக்கம் பிரஷ்யக் கழுகு முத்திரை வேண்டும். பிடியின் பள்ளக் கோடுகளும் காலத்துக்குக் காலம் மாறியவை. 1930 மாடலில் 12 அகலக் கோடுகள். அப்படியொரு பிடி 1914 துப்பாக்கியில் இருந்தால் மரம் மாறியிருக்கிறது என்று பொருள். மரம் இரும்பைவிடத் தாழ்ந்து கிடந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பழம்பொருளைப் பளபளப்பாக்கும் நல்லெண்ணம் செய்கிற கேடு கொஞ்சமல்ல.

வெளியே காட்டிக்கொள்ளாத குறிக்குத்தான் என் ஓட்டு. பிடியை இறுக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றினால், பழைய மௌசர்களில் பெரும்பாலும் மரத்தின் உட்புறத்தில் துப்பாக்கியின் வரிசை எண் பதிந்திருக்கும். இரும்பில் உள்ள எண்ணோடு அது பொருந்தினால் மரமும் இரும்பும் பிறவியிலிருந்தே ஜோடி என்று பெரும்பாலும் நம்பலாம்.

இந்தியாவில் இது வெறும் விலைப் பேரமல்ல. 1914 ஆகஸ்ட் 26ல் கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளில் பத்து கிடங்கு சேரவில்லை. சரக்கெடுக்கப் போன கம்பெனி ஊழியர் ஸ்ரீஷ் சந்திர மித்ராவே வண்டியைத் திருப்பிவிட்டார். 50 மௌசர்களும் 46,000 தோட்டாக்களும் வங்கப் புரட்சியாளர் கைக்குப் போயின. மறு ஆண்டு பாலசோர் அருகே பாகா ஜதீன் போலீசை எதிர்த்து நின்றதும் மௌசரோடுதான். 1918ன் ரௌலட் குழு அறிக்கையின்படி, துப்பாக்கிகளின் எண்கள் ரோடாவின் பதிவில் இருந்தன. அதுவரை மீட்கப்பட்டவை 31.

மீதி 19 எங்கே என்ற கேள்வி, பரணில் கிடக்கும் எந்தப் பழைய மௌசரையும் தியாகச் சின்னமாக்கிவிடும். அதில் சிவப்பு ஒன்பதும் இருந்தால் காட்டுபவருக்குப் பெருமை தாங்காது. ஆனால் ரோடா சரக்கு .300 விட்டமுள்ளது; ஒன்பது பிறந்ததோ இரண்டாண்டு கழித்து. ஒன்று, துப்பாக்கி ரோடாவுடையதல்ல. அல்லது பிடி அந்தத் துப்பாக்கியுடையதல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெயர்ப்பலகை எழுதுமுன் அந்த ஒற்றைத் திருகைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.