இல்லப் பொருள் அறிவோம்: மலிவு விலை மின்சாரக் கித்தார்

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், வயலினுக்கும் வீணைக்கும் அடுத்தபடியாக மின்சாரக் கித்தாரும் இப்போது இடம் பெற்று வருகிறது. பள்ளித் தோழர்கள் வாசிப்பதைக் கேட்டுப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பெற்றோரும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பத்தாயிரம் ரூபாய் அளவில் ஒன்றை வாங்கித் தருகிறார்கள். மூன்று மாதம் சென்றபின் அது அலமாரியின் மேல் ஏறிவிடுவதும் உண்டு. "இவனுக்குச் சங்கீதம் வராது" என்று தீர்ப்பும் கூறப்பட்டுவிடுகிறது. இத்தீர்ப்புப் பல சமயங்களில் தவறானது என்பது நமது அபிப்பிராயம். மெட்டுக்கு மேல் தந்தி அளவுக்கு மீறி உயர்ந்து நின்றால், எந்தப் பிள்ளைக்கும் விரல் வலிக்கும். அதைத் தாழ்த்துவதற்குச் சிறு திருகுச் சாவி ஒன்றும் அரை மணி நேரமும் போதும்.

இவ்வாத்தியத்தின் அமைப்பு எளியது. எஃகுத் தந்தி அதிரும்போது, அதன் கீழே காந்தத்தைச் சுற்றியுள்ள மெல்லிய செப்புக் கம்பிச் சுருளில் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அதனை ஆம்பிளிபயர் பெருக்கி ஒலியாக்குகிறது. ஆதலால் நைலான் தந்தி இதற்கு உதவாது. அமெரிக்காவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ பெண்டர் என்பவர், 1950ஆம் ஆண்டில் கட்டைப் பலகையால் உடலும், திருகாணிகளால் பொருத்திய கழுத்தும் கொண்ட மின்சாரக் கித்தாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1954இல் அவரது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. இன்று விற்கும் மலிவுக் கித்தார்களில் பெரும்பாலானவை அவர் காட்டிய வழியில் செய்யப்படுபவையே. எளிதில் செய்யலாம், எளிதில் பழுது பார்க்கலாம் என்பன இதன் பிறவிக் குணங்கள்.

வாங்கும்போது தலைப்பகுதியில் உள்ள பெயரை மட்டும் நம்பலாகாது; பெயர்ச் சீட்டு ஒட்டுவது சுலபம். வரிசை எண்ணையும் செய்த நாட்டின் பெயரையும் பார்த்தல் வேண்டும். பெண்டர் நிறுவனத்தின் மலிவு வகையான ஸ்குவையர் 1982இல் ஜப்பானில் தொடங்கியது. பின்னர் கொரியா, சீனா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும், 1980களின் இறுதியில் சிறிது காலம் இந்தியாவிலும் செய்யப்பட்டது. வரிசை எண் 'ஐ.சி.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துக்களில் தொடங்கினால் அது இந்தோனேசியாவில் செய்தது. அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். 10 என்றிருந்தால் 2010 என்று கொள்க. கிப்சன் நிறுவனத்தின் மலிவு வகை எபிபோன். கல்கத்தாவின் கிவ்சன் வேறு, அமெரிக்காவின் கிப்சன் வேறு. ஓரெழுத்து வேற்றுமையைக் கவனியாமல் விலை பேசுதல் கூடாது.

கல்கத்தா அன்பர்கள் மற்றொன்றையும் அறிதல் நலம். அங்கே பழைய கடைகளில் கிடைப்பவற்றுள் ஹவாயன் கித்தாரும் உண்டு. சுனில் கங்குலி போன்ற கலைஞர்களால் வங்காளத்தில் புகழ்பெற்ற வாத்தியம் அது. மடியில் கிடத்தி, நமது கோட்டுவாத்தியத்தைப் போலத் தந்தியின்மேல் உருளையை நகர்த்தி வாசிப்பார்கள். அதற்காகவே தந்திகள் மிக உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். விரலால் அழுத்தி வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு அது பயன்படாது.

பழைய கித்தாராயின், தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தை நோக்குக. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். சிறிதளவு வளைந்திருந்தால் பாதகமில்லை. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. ஓரிடத்தில் மட்டும் சுரம் செத்து ஒலித்தால் அந்த மெட்டோ அடுத்த மெட்டோ தேய்ந்தோ எழும்பியோ இருக்கும். அதைச் சரிசெய்யும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லலாம். திருகிகளைத் திருப்பும்போது கரகரவென்றால் அஞ்ச வேண்டாம். மின்பொருள் கடைகளில் கிடைக்கும் துப்புரவுத் திரவம் அதைத் தீர்க்கும்.

இனி வீட்டில் செய்ய வேண்டுவன. முதலில் சுருதி சேர்த்து, தடித்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்துக. நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டின் கனம் இடைவெளி இருந்தால் போதும். மிகுதியாயின், கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகை வலப்புறமாகக் கால் சுற்று முடுக்கி மீண்டும் பார்க்க வேண்டும். திருகு இறுகி நின்றால் பலவந்தம் செய்யாது பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுக. அடுத்து, பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியின் உயரத்தை அடிக்கோலால் அளந்து பார்க்கவும். தடித்த தந்திக்கு 2 மில்லிமீட்டரும், மெல்லியதற்கு ஒன்றரை மில்லிமீட்டரும் ஏற்றவை. 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பிஞ்சு விரல் நோகாமல் என்ன செய்யும்? குதிரையிலுள்ள சிறு திருகாணிகளால் அதைத் தாழ்த்துக. தொடக்கத்திற்கு மெல்லிய தந்தித் தொகுதியே ஏற்றது. கடையில் 'ஒன்பது' என்று கேட்டால் தருவார்கள்.

கடைசியாக, தந்தியை அழுத்தாமல் மீட்டுக. பின்பு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டாவது, முதலாவதன் மேல் ஸ்தாயிச் சுரமாகவே ஒலிக்க வேண்டும். சுருதி ஏறி ஒலித்தால், அத்தந்தியின் குதிரைத் துண்டைக் கழுத்தை விட்டுச் சற்றுப் பின்னுக்கு நகர்த்துக. இறங்கி ஒலித்தால் முன்னுக்கு நகர்த்துக.

பம்பாய் மழைக்காலத்தில் தந்தி துருப்பிடிக்கும்; தில்லியின் வறட்சியில் மரம் சுருங்கும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்து, உறைக்குள் வைத்தல் அவசியம். பல புதிய ஸ்குவையர் கித்தார்களின் விரற்பலகை, நம் காடுகளில் வளரும் கருமருது மரமே. அதை ஈரத் துணியால் தேய்க்க வேண்டாம். ஊருக்குப் போகையில் பார்சல் வண்டியில் போடாது, கையோடு மேல் படுக்கையில் வைத்துக்கொள்வதே நன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது மின்சாரம். கித்தாரின் தந்திகள் ஆம்பிளிபயர் வழியாக நில இணைப்போடு சேர்ந்தவை. வாடகை வீடுகளில் மூன்று துளைச் செருகி இருந்தும் நிலக் கம்பி இணைக்கப்படாமல் இருப்பதுண்டு. 1972இல் இங்கிலாந்துக்கு அடுத்த வேல்ஸ் நாட்டில், லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர், நில இணைப்பில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். தந்தியைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. விரலில் சிறிது சுரீர் என்றாலும் உடனே செருகியைப் பிடுங்கிவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும். அவர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை பிள்ளையை வாசிக்க விடலாகாது.

ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் கித்தாரின் விலைக்கே செலவிடாமல், தந்திக்கும் பழுது கூலிக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அலமாரியின் மேல் ஏறிய கித்தார் எவர் வீட்டிலேனும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி அடிக்கோல் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்குச் சங்கீதம் வருமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

அடுத்த இதழில், சிறு வீட்டுக்கு ஏற்ற ஆம்பிளிபயரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம்.