காரணம் எழுதாத பதிவு

எழுதிய எதுவும் இனி அழியாது, எல்லாவற்றையும் பொறியே காத்துக்கொள்ளும் என்னும் துணிவு இன்று கணினியில் தமிழ் எழுதுவோரிடையே வளர்ந்து வருகிறது. இத்துணிவுக்கு இடந்தந்த கருவிகளுள் ஒன்று கிட் எனப்படும் மென்பொருள். லினக்ஸ் நிரலாளர் பலர் ஒரே நிரலைத் திருத்துங்கால் நேரும் குழப்பத்தைத் தவிர்க்கவென்று 2005-ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் அதனை ஆக்கினார். கோப்பின் ஒவ்வொரு நிலையையும் அது ஒரு பதிவாக வைத்துக்கொள்கிறது. பதிவுதோறும் செய்தவர் பெயரும் நாளும் நேரமும் விளக்க வரியும் அமைகின்றன. விளக்க வரியை வெறுமையாக விட்டால் அக்கருவி, இயல்பான அமைப்பில், பதிவையே ஏற்க மறுத்துவிடும். எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேட்காமல் அது கதவு திறப்பதில்லை.

அந்தக் கேள்வியை ஏமாற்றவே இப்போது ஒரு வழி கண்டுள்ளனர்! கோப்பைச் சேமிக்குந்தோறும், அல்லது சில நிமிடங்களுக்கொரு முறை, கருவி தானே பதியுமாறு அமைத்துவிடுகின்றனர். விளக்க வரியில் நேரத்தை மட்டும் இட்டுவிட்டால் போதும். கருவி வாய் மூடிக்கொள்ளும். இதனை வசதி என்பர். வசதிதான், திருத்தம் ஆகாது.

ஐந்து நிமிடத்திற்கு ஒரு பதிவு என வைப்போர் இரண்டு மணி நேரம் எழுதினால் 24 பதிவுகள் சேரும். ஒன்றில் ‘மாண’ என்று பாதிச் சொல் நிற்கும். அடுத்ததில் அது ‘மாணவன்’ ஆகும். மற்றொன்றில் ஒரு பத்தி காணாமற்போயிருக்கும். அது வேண்டி நீக்கப்பட்டதா, கை தவறிப் போயிற்றா என்பதைச் சொல்வார் இல்லை. கிட் மாற்றங்களை வரிவரியாகக் காட்டும் இயல்புடையது. ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டெழுதுவோர் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தாலும் பத்தி முழுவதும் மாறியதாகவே காட்டும். இக்குப்பையில் எழுதியவரே தம் திருத்தத்தைத் தேடிக் காண்பது அரிது.

காரணம் எழுதாத மாற்றத்தின் தீங்கைத் தமிழர் முன்பே பட்டறிந்துள்ளனர். ஏடு பெயர்த்தெழுதியோர் சொல்லை மாற்றினர்; சில இடங்களில் அடியையே விட்டனர்; ஏன் என்று எழுதி வைத்தாரில்லை. அதன் சுமை உ. வே. சாமிநாதையர் தோளில் விழுந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பிக்க அவர் ஊரூராய் ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்தார். பல ஏடுகள் கிடைத்தமை மட்டும் அவருக்குப் போதவில்லை. எது ஏற்புடைத்து என ஆராயும் அறிவு வேண்டியிருந்தது. எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்து மெய்ப்புத் தாளிலுங்கூட, ஒரு மனிதன் கண்டு, எண்ணி, ஓரத்தில் குறியிட்ட பின்னரே எழுத்து மாறியது.

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தின்வழி கூகுள் ஆவணச் செயலி மாணவர் கைக்கு எட்டியது. அதுவும் பழைய வடிவங்களைத் தானே சேமிக்கிறது. 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியரிடம் மிகுந்துள்ளது. அந்தச் சேமிப்பைக் காட்டி, மாணவன் திருத்தி எழுதியதற்கு இதுவே சான்று என்பாரும் உளர். எந்த நேரத்தில் எவ்வெழுத்து ஏறியது என்பதற்கே அது சான்று. ஒட்டிய பத்தியைக் கண்டுபிடித்துச் சிறுவனைக் கள்வனாக்க அது உதவக்கூடும். அவனை எழுத்தாளனாக்க உதவாது.

‘அவ்விடத்திற்கு சென்றான்’ என எழுதிய ஐந்தாம் ஆண்டு மாணவி ‘அவ்விடத்திற்குச் சென்றான்’ எனத் திருத்துகிறாள் எனக் கொள்க. பொறியின் பதிவில் ஓர் ஒற்று கூடியிருக்கும், அவ்வளவே. “நான்காம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்ததால் வலி மிகுந்தது” என்று அவள் கையால் ஒரு வரி எழுதுவாளாயின், அவள் இலக்கணம் கற்றாள் என்பதை ஆசிரியர் அறிவார். அடுத்த கட்டுரையில் அவள் தானே நின்று பார்ப்பாள். அந்த ஒரு வரியைத்தான் தானியங்கிப் பதிவு அவளிடமிருந்து பறிக்கிறது.

மின்சாரம் நின்றால் எழுதியது போய்விடாதோ என்னும் அச்சம் நியாயமானதே. தானாகச் சேமிப்பதை அதற்காகத் தனிக் கிளையில் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. எழுதி எழுந்திருக்கும்போது அச்சிதறல்களை ஒன்றாகத் திரட்டி, செய்த மாற்றத்தையும் அதன் காரணத்தையும் தமிழில் எழுதிப் பதிவது எழுதுபவர் கடன். வாக்கியத்திற்கு ஒரு வரியாகத் தட்டெழுதினால் ஒவ்வொரு மாற்றமும் தனியே தெரியும். கணினி இல்லாத வகுப்பிலும் இதற்குத் தடையில்லை: திருத்தி எழுதிய கட்டுரையின் அடியில், தான் செய்த மூன்று மாற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் மாணவன் எழுதட்டும், அவ்வரிகளையும் படித்தே ஆசிரியர் மதிப்பீடு வழங்கட்டும்.