வெறும் கயிறு அல்ல

இளம்பிள்ளையில் நிறத்தை யாரும் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. சிவப்புப் பாவில் நீல ஊடை ஓட்டினால் துணி ஊதாவாகத் தெரியும். சேலையை விரித்ததும் கண் முதலில் முந்திக்குப் போகவேண்டுமா, பார்டருக்குப் போகவேண்டுமா என்று யோசித்துத்தான் டிசைன் போடுவார்கள். வாங்க வந்தவர் விலையைக் கேட்பதற்கு முன்பே நிறம் தன் வேலையை முடித்திருக்கும். இந்தத் தறிச் சத்தத்தில் வளர்ந்த என்னால், பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் இருக்கும் கலர் கயிற்றைப் பார்த்து ‘வெறும் கயிறுதானே’ என்று சொல்ல முடியாது.

2019இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறக் கயிறுகளால் மாணவர்கள் சாதியைக் காட்டிக்கொள்வதாகவும், விளையாட்டுக்கு அணி பிரிக்கவும் உணவு இடைவேளையில் ஒன்றுசேரவும் அவை பயன்படுவதாகவும் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், தனக்குத் தெரியாமல் அது வெளியானதாக அப்போதைய அமைச்சர் ஒதுங்கிக்கொண்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு, சாதி அடையாளம் தீட்டிய சைக்கிள் ஆகியவை கூடாது என்றது.

ஏன் இத்தனை அடையாளங்கள்? சாதி உடம்பில் தெரியாது என்பதால்தான். ஒரே சீருடையில் நிற்கும் நாற்பது பேரில் யார் யார் எந்தச் சாதி என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இல்லாத வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்ட நிறம் தேவைப்படுகிறது.

இது இன்றைய பிள்ளைகளின் கண்டுபிடிப்பும் அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. குடை, செருப்பு கூடாது. தூரத்தில் வரும்போதே இன்னார் என்று தெரியவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அம்பேத்கர் சிலையின் கோட்டும் டையும் கையிலுள்ள புத்தகமும் அந்த ஏற்பாட்டுக்கு நாம் சொன்ன பதில். அந்தப் பதில் எல்லோருக்கும் புரிந்ததால்தான் எத்தனையோ ஊர்களில் அவர் சிலை கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது.

‘அப்படியென்றால் உங்கள் நீலம் மட்டும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். அந்தக் கொடியின் கீழ் யாரும் வந்து நிற்கலாம், பிறப்பு தடையில்லை. சாதிக் கயிற்றை அந்தச் சாதியில் பிறந்தவர் மட்டுமே கட்டமுடியும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வகுப்பறையில் ஒரு பையன் கட்டும் நீலக் கயிறும், ‘இவன் அந்தத் தெரு’ என்று மற்றவர்களுக்குச் சொல்லும் பலகையாகத்தான் ஆகும். நம் பிள்ளைகளிடமும் அதைக் கழற்றச் சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும்.

கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது. அறுத்தால் அடையாளம் பனியனுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் நகரும். அதற்கு இருக்கும் வேலையைப் பறிக்கவேண்டும். என்ன வேலை என்பதை 2019 சுற்றறிக்கையே சொல்லிவிட்டது: அணி பிரிப்பது, சேர்ந்து சாப்பிடுவது. ஆகவே அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். சந்துரு குழு சொன்னபடி பெயரின் அகரவரிசையில் உட்கார வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் அதே வரிசையைத் தொடருங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம். தலைமையாசிரியர் நினைத்தால் வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.