ஒரே வீட்டில் இரண்டு விதப் புடைப்பு... லேசர் யாருக்கு?

"ஏம்மா, சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ஸ்லீவ்லெஸ் ப்ளவுஸ் தைச்சுக்கட்டுமா?"

"தைச்சுக்கோ கண்ணு. ஆனா கை ரெண்டும் கோழித்தோல் மாதிரி பொரிபொரியா இருக்குதே, அதுக்கு என்ன பண்ணப் போற?"

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் இருக்கிற சாலவாக்கத்தில், ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அண்ணன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். கம்பெனி வேன் வருவதற்குள் தினமும் மழமழவென்று ஷேவ் செய்தாக வேண்டும். அவனுக்கும் பிரச்னை உண்டு. தாடையிலும் கழுத்திலும் சிவப்பும் கறுப்புமாகப் புடைப்புகள். ஷேவ் செய்தால் எரிகிறது, சில நாள் ரத்தமும் வருகிறது.

அந்த நேரம் பார்த்து மகளின் செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது. 'புடைப்பு, கரும்புள்ளி, தேவையற்ற முடி... எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு லேசர். ஆறு சிட்டிங் பேக்கேஜ். இன்று மட்டும் தள்ளுபடி!' ஏலச்சீட்டை எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே கட்டிவிடலாமா என்று அம்மா கணக்குப் போட ஆரம்பிக்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். பார்ப்பதற்கு இரண்டும் புடைப்புதான். ஆனால் ஒருவருக்கு லேசர் நல்ல சிகிச்சை. இன்னொருவருக்கு அது கடைசியாக யோசிக்க வேண்டிய ஒன்று. எது யாருக்கு என்று தெரியாமல் பணம் கட்டினால், சீட்டுப் பணமும் போகும், சில சமயம் தோலும் புண்ணாகும்.

லேசர் எதை அழிக்கிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். முடி நீக்கும் லேசர் புடைப்பை நேரடியாகத் தாக்குவதில்லை. முடியின் வேரைத்தான் தாக்குகிறது. முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின், லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் முடிக்கால் சேதமடைந்து, மறுபடி முடி முளைப்பது குறைகிறது. சுற்றியுள்ள தோலை விட்டுவிட்டு, குறிப்பிட்ட நிறப்பொருளை மட்டும் ஒளியால் சூடாக்கலாம் என்ற கொள்கையை 1983ல் அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வெளியிட்டார்கள். இன்றைய முடி நீக்கும் லேசர்கள் எல்லாம் அந்த அடிப்படையில் வந்தவைதான்.

ஆக, புடைப்புக்குக் காரணமே முடி என்றால், முடி குறையும்போது புடைப்பும் குறையும். காரணம் வேறு என்றால் லேசரால் பெரிய பலன் இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 'எனக்கு வந்திருப்பது என்ன புடைப்பு?'

அண்ணனுக்கு வந்தது...

சுருட்டை முடி உள்ளவர்கள் ஒட்ட ஷேவ் செய்யும்போது, வெட்டுப்பட்ட முடியின் நுனி ஊசி மாதிரி கூர்மையாகிறது. அது வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலுக்குள்ளேயே குத்தி நுழைகிறது. உடம்பு அதை வெளியிலிருந்து வந்த முள் மாதிரி நினைத்து எதிர்க்கிறது. அதனால் வருவதுதான் வீக்கம், சீழ், கறுப்புத் தழும்பு. மருத்துவத்தில் இதற்கு 'சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே' என்று பெயர். சலூனில் கேட்டால் 'ஷேவிங் கட்டி' என்பார்கள்.

இங்கே குற்றவாளி முடியேதான். அதனால் லேசருக்கு இதில் நல்ல பலன் உண்டு. தினமும் ஷேவ் செய்வது கட்டாயமாக இருக்கிற ராணுவ வீரர்களுக்கு அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது.

ஆனாலும் லேசருக்கு முன்பு செலவில்லாத சில வழிகள் இருக்கின்றன. முடிந்தால் சில வாரங்கள் ஷேவ் செய்யாமல் விடலாம். கட்டாயம் செய்ய வேண்டியிருந்தால் பிளேடுக்குப் பதில் டிரிம்மரால், ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது முடியை விட்டு வெட்டலாம். பிளேடுதான் வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரில் தாடியை ஊறவைத்து, முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழிப்பதுதான் பாதிப் பிரச்னைக்குக் காரணம். இதிலும் அடங்கவில்லை என்றால் லேசரை யோசிக்கலாம்.

இளைஞர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். லேசர் பட்ட இடத்தில் தாடி நிரந்தரமாகக் குறையலாம். நாளைக்கு அடர்த்தியாகத் தாடி வளர்க்க ஆசைப்பட்டால் அது கிடைக்காமல் போகலாம். கழுத்துக்கு மட்டும் போதுமா, தாடைக்கும் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

பின்கழுத்தில், தலைமுடி முடிகிற இடத்தில் கெட்டிக் கட்டியாகப் புடைப்பு வருவது வேறு நோய். ஒட்ட முடிவெட்டிக்கொள்பவர்களிடம் அதிகம் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே தோல் மருத்துவரிடம் போனால் இதற்கும் லேசர் உதவும். முற்றவிட்டால் தழும்புக் கட்டியாகிவிடும்.

தங்கைக்கு வந்தது...

மேல்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும், தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருப்பது 'கெரட்டோசிஸ் பிலாரிஸ்'. தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் முடிக்காலின் வாயை அடைத்துக்கொள்வதால் வருவது. பரம்பரையாக வரும், ஒட்டாது, ஆபத்தில்லை. வளரிளம் பருவத்தில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும். வயதாக ஆகப் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும்.

இதிலும் முடிக்குப் பங்கு இருக்கிறது. 2012ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர்கள் இந்தப் புடைப்புகளை உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தபோது, உள்ளே முடி வட்டமாகச் சுருண்டு கிடப்பதைக் கண்டார்கள். அந்தச் சுருண்ட முடியே பிரச்னையின் தொடக்கமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. லேசர் போட்டுப் பார்க்கலாமே என்ற யோசனைக்கு இது வலு சேர்க்கிறது.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் நடந்து 2015ல் வெளியான ஓர் ஆய்வு நேர்மையான பதிலைத் தருகிறது. ஒரே ஆளின் ஒரு கைக்கு மட்டும் 810 நானோமீட்டர் டயோடு லேசர், மூன்று முறை. இன்னொரு கைக்கு எதுவும் இல்லை. முடிவில் லேசர் பட்ட கையில் சொரசொரப்பு குறைந்தது. சிவப்பு நிறம் குறையவில்லை. ஆய்வை முடித்தவர்கள் 18 பேர்தான். அதைவிட முக்கியம், அவர்கள் எல்லோரும் வெளிர்நிறத் தோல் உள்ளவர்கள். மாநிறமும் கறுப்புமான நம் தோலுக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் இந்தத் தங்கைக்கு முதல் சிகிச்சை மருந்துக்கடையில் இருக்கிறது. யூரியா அல்லது லாக்டிக் ஆசிட் கலந்த கிரீமை மருத்துவர் சொல்லும் அளவில் வாங்கி, குளித்துத் துவட்டிய உடனே, ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தினால் திரும்ப வரும் என்பதால் தொடர்ந்து போட வேண்டும். பீர்க்கங்காய் நாரையும் படிக்கல்லையும் போட்டு வறட்வறட்டென்று தேய்ப்பதை நிறுத்த வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கருமைதான் கூடும்.

லேசர் வேண்டவே வேண்டாத புடைப்புகள்

குழந்தைகளுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் முள்முள்ளாகப் புடைப்பு இருந்தால் அது 'தவளைத் தோல்' ஆக இருக்கலாம். 1933ல் இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதி, இந்தப் பெயரையும் வைத்தார். வைட்டமின் ஏ, நல்ல கொழுப்பு போன்ற சத்துகளின் குறைபாட்டோடு இது தொடர்புடையது. இதற்கு லேசர் தேவையில்லை. முருங்கைக்கீரை, முட்டை, மீன், பால், கொஞ்சம் எண்ணெய் என்று சாப்பாட்டைக் கவனிப்பதோடு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டினால் போதும்.

முதுகிலும் மார்பிலும் அரிப்போடு வருகிற சின்னச் சின்னப் பொரிகள் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். முகத்தில் வருவது சாதாரணப் பருவாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று தடவும் 'சிவப்பழகு' கிரீம்களில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து போட்டால் பருவும் வரும், முகத்தில் முடியும் வளரும். அந்த முடியை எடுக்க லேசருக்குப் போவதற்கு முன் கிரீமை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் மத்திய அரசே விதியைக் கடுமையாக்கியது.

நம் தோலுக்கு ஏற்ற லேசர்

லேசர் ஒளிக்கு முடியின் கறுப்பும் தோலின் கறுப்பும் ஒன்றுதான். தோலில் மெலனின் அதிகம் இருந்தால், வேருக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்ளும். தீக்காயமும் கொப்புளமும் கரும்புள்ளியும் சில சமயம் வெள்ளைத் திட்டும் வருவது இப்படித்தான்.

இதற்காகவே நீளமான அலைநீளம் கொண்ட லேசர் இருக்கிறது. 'என்டி யாக்' என்ற 1064 நானோமீட்டர் லேசர், மேல்தோலை அதிகம் சூடாக்காமல் ஆழத்துக்குப் போகும். கறுத்த தோலுக்கு இதுவே பாதுகாப்பானது. மாநிறத்துக்கு டயோடு லேசரையும் அனுபவமுள்ள மருத்துவர்கள் அளவு பார்த்துப் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் விற்கும் ஐ.பி.எல். கருவிகள் லேசரே அல்ல. மிகவும் கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று அவற்றின் பெட்டியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

'ஒரே தடவையில் நிரந்தரமாகப் போய்விடும்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் இருக்கிற முடியைத்தான் லேசர் அழிக்கும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் அந்தப் பருவத்தில் இருக்காது. அதனால்தான் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு முறையோ அதற்கு மேலோ போக வேண்டியிருக்கிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2008ல் தந்த வழிகாட்டுதலில்கூட 'முடிக் குறைப்பு' என்ற சொல்தான் இருக்கிறது.

பெண்கள் முகத்துக்கு லேசர் யோசிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை, திடீரென்று தாடையில் முடி வளர்கிறது என்றால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். ஹார்மோனைச் சரிசெய்யாமல் லேசர் மட்டும் போட்டால் முடி திரும்பத் திரும்ப வரும். நம் தெற்காசியப் பெண்களில் சிலருக்கு லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுதலாக வளர்வதும் உண்டு.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

* எனக்கு இருப்பது என்ன புடைப்பு? பார்த்துச் சொன்னவர் தோல் மருத்துவரா?
* எந்த லேசர்? என் நிறத்துக்கு அது பொருந்துமா?
* சின்ன இடத்தில் சோதனை செய்து, சில நாள் பார்த்த பிறகு ஆரம்பிப்பீர்களா?
* கருவியை இயக்கப்போவது யார்? தீக்காயம் பட்டால் பார்க்க மருத்துவர் இருப்பாரா?
* முழு பேக்கேஜுக்கும் இப்போதே கட்ட வேண்டுமா, ஒவ்வொரு முறையும் கட்டலாமா?

லேசர் போடுவதென்று முடிவானால், அதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே வேக்ஸிங், த்ரெடிங் கூடாது. வேர் உள்ளே இருந்தால்தான் லேசருக்கு வேலை. ஷேவ் செய்யலாம். வயல், கட்டட வேலை, பைக் பயணம் என்று வெயிலில் அலைபவர்கள் தோல் கறுத்திருக்கும் நேரத்தில் தள்ளிப்போடுவது நல்லது. கர்ப்பம், பருவுக்குச் சாப்பிடும் மாத்திரை, தழும்பு தடிமனாக வளரும் உடல்வாகு ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சாலவாக்கத்து அம்மா இப்போது என்ன செய்யலாம்? சீட்டை எடுக்க வேண்டாம். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய் வரலாம். மகளுக்கு ஒரு கிரீமும் சில வாரப் பொறுமையும் போதும் என்று சொல்லக்கூடும். மகனுக்கு முதலில் டிரிம்மர், பிறகு தேவைப்பட்டால் லேசர். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பொரி முழுசாகப் போகாவிட்டாலும் ஸ்லீவ்லெஸ் ப்ளவுஸைத் தாராளமாகத் தைத்துக்கொள்ளலாம். அந்தக் கல்யாண மண்டபத்தில் அவளைப் போலவே கை இருப்பவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.