கிட்டத்து வீடு

போன மாசம் பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண், கையில் குறுக்கெழுத்துப் போட்டியோடு கேட்டாள்: "ஏம்மா, 'ப்ரொபிங்க்விட்டி'ன்னா என்ன?"

"பக்கத்தில் இருப்பது."

"அதுக்குத்தான் 'ப்ராக்ஸிமிடி' இருக்கே?"

இருக்கிறது. ஆனால் வித்தியாசம் உண்டு, சகோதரிகளே. ப்ராக்ஸிமிடி பெரும்பாலும் தூரக் கணக்கு. பஸ் ஸ்டாப் வீட்டுக்குப் பக்கம் என்று சொல்ல அது போதும். ப்ரொபிங்க்விட்டிக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கோ 'அருகில் இருப்பவர்', 'சொந்தக்காரர்' என்று இரண்டு அர்த்தம். அதனால் ரத்த உறவின் நெருக்கத்தையும் அது குறிக்கும். நாமும் 'கிட்டத்து உறவு' என்றுதானே சொல்கிறோம்! பேச்சில் அதிகம் வராது, எழுத்தில்தான் பார்க்கலாம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் குடும்பத்தோடு வசித்த குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் முதலான மூவர் செய்த ஆராய்ச்சி 1950-ல் புத்தகமாக வந்தது. யாரோடு அதிகம் பழகுகிறீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த கதவுக்காரரைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 41. அதே மாடியில் நாலு கதவு தள்ளி இருப்பவரைச் சொன்னவர்கள் 10 மட்டுமே! குணம், ருசி எல்லாம் அப்புறம். அடிக்கடி எதிர்ப்படுவதே சிநேகத்துக்கு வித்து.

ஆனால் 1976-ல் வந்த இன்னோர் ஆய்வு, பிடிக்காதவர்களும் கிட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்று காட்டியது. இதற்கு நானே சாட்சி. கொடியில் போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டியதற்காக, அடுத்த வீட்டு மாமியோடு பத்து மாசம் பேச்சே இல்லை.

ஒரு நாள் ராத்திரி பேரன் வீரிட்டு அழுதான். ஜுரம் இல்லை. பாலும் குடித்தாயிற்று. பெண்ணும் கூட அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. கதவு தட்டும் சத்தம். மாமி!

"கேட்டுண்டு படுத்திருக்க முடியலைடி. இப்படிக் கொடு குழந்தையை."

தோளில் சாய்த்து, முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டே நடந்தாள். கொஞ்ச நேரத்தில் பெரிசாக ஓர் ஏப்பம். தூங்கிவிட்டான்.

நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். அதைத் தாண்ட எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. புதுசாகக் குடிவந்திருக்கும் இளம் தாய்மார்களே, இன்றைக்கே ஒரு கிண்ணம் பாயசத்தோடு அடுத்த கதவைத் தட்டுங்கள். என்னைப் போல் பத்து மாசம் காத்திருக்க வேண்டாம்.