தலைப்பு தெரியட்டும்!



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "செயற்கை நுண்ணறிவு, ரோபோன்னு பெரிசா ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். நானோ எக்ஸெல் தாளின் முதல் வரியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்! "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஒரு வரி கண்ணில் படாததால் ஒரு பெரியவர் பொய்யரைப் போல நின்றதை நேரில் பார்த்தவன் நான்.

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர். கோடை விடுமுறையில் ஒரு சேலை உற்பத்தியாளரிடம் கணக்கு எழுதப் போனேன். அதுவரை நீள நோட்டில்தான் கணக்கு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயர், பாவு, சேலை, கூலி, முன்பணம், பாக்கி என்று கலம் போட்டிருப்பார்கள். அதை நான் பெருமையோடு எக்ஸெலில் ஏற்றினேன். மூன்றே வாரத்தில் 300 வரி தாண்டியது. நெய்த துணி படமரத்தில் சுருண்டு மறைவதைப் போல, தலைப்பு மேலே போய் மறைந்துவிட்டது. கீழே இருப்பதெல்லாம் வெறும் எண்கள்!

ஒரு பெரியவருக்குச் சேர வேண்டிய கூலி 2,800 ரூபாயை, அடுத்த கலமான முன்பணத்தில் அடித்துவிட்டேன். சனிக்கிழமை கூலி வாங்க வந்தார். 2,800 வாங்க வேண்டியவர், 2,800 தர வேண்டியவராகியிருந்தார். வித்தியாசம் 5,600! "நான் முன்பணமே கேக்கலையே முதலாளி" என்றார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று பதில் வந்தது. அச்சடித்த தாளைப் பார்த்தோம். அவர் பெயர் இருந்த பக்கத்திலும் தலைப்பு இல்லை. கடைசியில் அவரைக் காப்பாற்றியது அவர் பேத்தி எழுதி வைத்திருந்த சின்ன நோட்டு. அதில் பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு!

தவறு கணிப்பொறியுடையதா? இல்லை, என்னுடையது. நோட்டுக்குப் பக்கம் உண்டு, பக்கத்துக்குத் தலைப்பு உண்டு. எக்ஸெலிலோ 2007 முதல் ஒரே தாளில் 10,48,576 வரிகள்! தலைப்பு ஒரே ஒரு தடவைதான். இந்தக் குறையை மென்பொருள் செய்தவர்கள் உணராமல் இல்லை. 1979-இல் வந்த விசிகால்க்கில் இருந்ததே 254 வரிகள்தான். அதிலேயே தலைப்பை நிறுத்தி வைக்கும் கட்டளை உண்டு. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-லும் உண்டு. வசதி இருக்கிறது, நாம்தான் தொடுவதில்லை.

வழி சுலபம். தலைப்புக்கு அடுத்த வரியில், பெயர்க் கலத்துக்கு வலப்பக்கக் கட்டத்தில் நின்று, 'வியூ' பகுதியில் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' கொடுங்கள். தலைப்பும் பெயரும் அசையாமல் நிற்கும். இரண்டு எச்சரிக்கைகள். முதல் வரியில் கடைப் பெயரும் மூன்றாம் வரியில் தலைப்பும் இருந்தால், 'ஃப்ரீஸ் டாப் ரோ' உதவாது, கடைப் பெயர்தான் நிற்கும். இரண்டாவது, திரையில் நிற்பது தாளுக்கு வராது. அதற்கு 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

"மேலே போய் ஒரு தடவை பாத்துட்டு வந்தா போச்சு, இதுக்கு எதுக்குடா இவ்ளோ?" என்கிறான் என் நண்பன். முதல் பத்து வரிக்கு அப்படிச் செய்வோம். அப்புறம் "நாலாவது கலம் கூலிதானே" என்று மனசை நம்பிவிடுவோம். தவறு பிறப்பது அங்கேதான்!

ஆய்வகத்தில் ஃபார்முலா தொடங்கும் முன்பே இதைச் சொல்லித்தர வேண்டும், செய்முறைத் தேர்வில் இதற்கும் மதிப்பெண் வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. நாளை நாம் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ அடிக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒருவருடைய கூலி இருக்கும்.

மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி. கணக்குன்னா யார் பாத்தாலும் எது எதுன்னு தெரியணும். அவ்ளோதான்" என்றார்.

ஆம் நண்பர்களே, அவ்வளவுதான்!