ஸ்டோர் இரைச்சலும் தொழிலாளியின் காதும்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில்தான் ஊவாக் கொழுந்துக்கு மணம் ஏறுகிறது. ஏலத்தில் விலை கூடுவதும் அப்போதுதான். பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், விசிறியும் ரோலரும் ட்ரையரும் இரவிலும் ஓயாமல் ஓடும். ரோலர் மடுவத்தில் நிற்பவர்கள் வாயால் பேசிக்கொள்வது குறைவு. கையைக் காட்டுவார்கள், தோளைத் தட்டுவார்கள், அவசரமென்றால் காதருகே போய்க் கத்துவார்கள்.

கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே ஓசை 85 டெசிபலை எட்டிவிட்டது என்பது தொழில்நல மருத்துவத்தில் வழங்கும் கைக்கணக்கு. 85 டெசிபலில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் நிற்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி. சீசன் காலத்து நீண்ட இராவேலையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை காதுப் பரிசோதனை நடக்க வேண்டும், அதன் செலவைப் பெருந்தோட்டக் கம்பனிதான் ஏற்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் அல்ல. 1886இல் தோமஸ் பார் என்ற வைத்தியர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கொதிகலன் செய்யும் 100 தொழிலாளரின் காதுகளைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடச் செவிப்புலன் சரியாக இருக்கவில்லை. அதே கிளாஸ்கோவிலிருந்து தோமஸ் லிப்டன் 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே டம்பதென்ன ஸ்டோர் எழுந்தது. இயந்திரம் கப்பலேறி வந்து சேர்ந்தது, அந்த வைத்தியரின் எச்சரிக்கை மட்டும் வரவில்லை.

இரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹேர்ட்ஸ் அளவிலான கீச்சொலிகளைக் கேட்கும் திறனை. அதனால் சத்தம் கேட்கும், பேச்சு பிடிபடாது. "பசிக்குது" என்று பேத்தி சொல்வது தாத்தாவுக்கு "படிக்குது" என்று கேட்கும். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை என்று லயத்தில் மனஸ்தாபம் வரும். உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள் செத்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. 2009இல் ஷரன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மனும் எலிகளில் நடத்திய ஆய்வு இன்னும் கவலை தருகிறது. பேரிரைச்சலுக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய எலிகளிலும், அந்தக் கலங்களை நரம்போடு சேர்க்கும் இணைப்புகளில் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. வழக்கமான சோதனையில் "காது சரி" என்று எழுதப்பட்டவரும் கூட்டத்தில் பேச்சுப் புரியாமல் திணறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

காதிலிருந்து வரும் சமிக்ஞை குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்றும், காதிரைச்சல் பிறப்பது அதனால்தான் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஸ்டோர் ஓசைக்குள் அது தெரியாது. மலை அடங்கிய பின், பாயில் சாய்ந்ததும், சில்வண்டு காதுக்குள்ளேயே புகுந்து கத்துவதுபோல் கிளம்பும். சிலருக்குத் தட்டு விழும் சத்தம்கூட வலியாக மாறும். இதைச் சொல்பவரை "மனப்பிரமை" என்று திருப்பி அனுப்புவது அநியாயம். காதிரைச்சலைக் குணப்படுத்தும் மாத்திரை இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. செவிக் கருவியும் உளவியல் சிகிச்சையும் வேதனையைத் தணிக்கும், அவ்வளவுதான். ஆகவே வருமுன் காப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரோலரில் விரல் நசுங்கினால் திகதி உண்டு, சாட்சி உண்டு, நட்டஈட்டுப் படிவம் உண்டு. இருபது ஆண்டுகளில் கரைந்துபோன செவிக்கு எந்தத் திகதியை எழுதுவது? வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒரு சோதனை செய்து பதிந்து வைத்தால்தான் பிந்திய இழப்பைக் காட்ட முடியும்.

காதடைப்பான் கொடுத்தாலும் தொழிலாளர் போடுவதில்லை என்று நிர்வாகங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வியர்வையில் காது கடிக்கும், இயந்திரம் மாறி ஓடினாலும் தெரியாது. ஆனால் அடைப்பான் கடைசி வேலி மட்டுமே. தேய்ந்த பெயாரிங்கை மாற்றுவதும், ஆடும் தகட்டை இறுக்குவதும், விசிறிக்கு மறைப்புக் கட்டுவதும், ஆளை மாற்றி மாற்றி நிறுத்துவதும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன.

தொழிற்சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று நாட்சம்பளத்துக்காகப் போராடியது நியாயமானது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் காதும் நுரையீரலும் இடுப்பும்கூட இடம்பெற வேண்டும். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பார்வையிட வரும் அதிகாரிகள் ஓசைமானியோடு வந்து, அளந்த எண்ணை ஸ்டோர் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். பதுளை வைத்தியசாலையில் பேச்சொலிச் சோதனை தமிழில் நடக்க வேண்டும். சிங்களச் சொல்லைத் திருப்பிச் சொல்லத் தெரியாதவருக்குக் காது கேட்கவில்லை என்று எழுதுவது மருத்துவமாகாது.

ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களமும் கம்பனிகளும் நடமாடும் பரிசோதனை வண்டி ஒன்றுடன் இதை ஆரம்பிக்கலாம். அடுத்த சீசன் ஜூலையில். அதற்கு முன், ரோலர் மடுவத்திலும் ட்ரையர் பக்கத்திலும் நிற்பவர்களின் முதற்சோதனை முடிந்திருக்க வேண்டும்.